ஸ்பான்சியானின் கீறல்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போன இரண்டாம் நாளே ஹண்டேரியன் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே படிக்கும் அக்கா மகன், "முதல்ல ஏரி, மலை எல்லாம் பாத்துரலாம் மாமா, காசு எங்க ஓடிடப் போகுது?" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. 2022 நவம்பரில் அந்தப் பொற்காசைப் பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்தே அதை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஸ்பான்சியான் என்ற அரசனின் முகம் பொறித்த காசு அது. ரோமானிய வரலாற்றை எழுதிய எவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

கிளாஸ்கோ சுரங்க ரயில் 1896இல் தொடங்கியது. 15 நிலையங்களை ஒரே வட்டமாகச் சுற்றிவரும், குறுகலான சின்ன வண்டி. ஹில்ஹெட்டில் இறங்கி, தூறலில் நனைந்தபடி மேட்டில் ஏறினால் பல்கலைக்கழகத்தின் கோபுரம் தெரிகிறது. அருங்காட்சியகம் அந்தப் பழைய கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த ஊர்ப்பக்கம் பிறந்து, லண்டனில் பேர்பெற்ற மருத்துவராக இருந்த வில்லியம் ஹண்டர் தான் சேர்த்ததையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைக் கொண்டு 1807இல் திறந்த அருங்காட்சியகம் இது. ஸ்பான்சியான் காசு அவர் கைக்கு வந்தது 1782இல். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

காசு சின்னது, உள்ளங்கையின் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். முதல் பார்வையில் கொஞ்சம் ஏமாற்றம்தான். தலையில் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் மகுடம், அதற்குக் கீழே மழுங்கிப்போன ஒரு முகம். எழுத்துகளும் கோணல்மாணலாக இருந்தன. ரோமானியர்கள் காசை அடித்துச் செய்தவர்கள். பொன் வில்லையை இரண்டு முத்திரைகளுக்கு நடுவில் வைத்து, மேலிருந்து சம்மட்டியால் ஓங்கி ஒரே போடு. அதனால் உருவம் கூர்மையாக எழும்பி நிற்கும். இதுவோ வார்த்த காசு. அச்சில் பொன்னை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள்.

பின்பக்கம் இன்னும் விசித்திரம். நடுவில் ஒரு தூண், அதன் இரு பக்கமும் ஆட்கள். கி.மு. 135இல் ரோமில் வெளியான ஒரு வெள்ளிக் காசின் பின்பக்கம் அப்படியே இதில் இருக்கிறது. முன்பக்க முகமோ கி.பி. மூன்றாம் நூற்றாண்டு அரசர்களின் பாணியில். நடுவே நானூறு ஆண்டு இடைவெளி. 'பேரரசர் ஸ்பான்சியான்' என்று நேராக எழுதாமல் 'ஸ்பான்சியானுடைய' என்கிற வேற்றுமை உருபோடு பெயர் இருப்பதும் அந்தக் காலத்து வழக்கம் இல்லை.

இத்தனை கோளாறு இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? 1713இல் டிரான்சில்வேனியாவில், அதாவது இன்றைய ருமேனியாவில், ஒரு புதையலோடு இந்தக் காசுகள் வெளியே வந்தன. வியன்னாவில் பேரரசரின் காசுத் தொகுப்பைக் கவனித்துவந்த கார்ல் குஸ்தாவ் ஹெரேயஸ் என்பவர் அந்த ஆண்டு மார்ச்சில் அவற்றைக் குறித்து வைத்தார். பிறகு காசுகள் பல கைகளுக்குச் சிதறின. 1860களில் ஹென்றி கோஹன் என்ற பிரெஞ்சு நிபுணர் இவை பிற்காலப் போலிகள், அதிலும் மட்டமானவை என்று எழுதினார். அதோடு ஸ்பான்சியான் கதை முடிந்தது. கிளாஸ்கோவிலும் காசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து அதை வெளியே எடுத்தவர் பால் பியர்சன் என்ற நிலவியல் அறிஞர். பாறைகளைப் பார்த்துப் பழகிய கண். அவருடைய குழு காசை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது முகமெங்கும் கீறல்கள், தேய்மானங்கள். பையில் மற்றக் காசுகளோடு உரசி உரசி வந்த கீறல்கள் என்பது அவர்கள் முடிவு. பள்ளங்களில் மண் இறுகி ஒட்டியிருந்தது. நெடுங்காலம் புதைந்து கிடந்த பொருளில்தான் அப்படி ஒட்டும் என்கிறார்கள். இன்னொரு சங்கதிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஸ்பான்சியான் என்ற பெயர் ரோமில் ஒரு கல்லறைக் கல்வெட்டிலும் உண்டு. ஆனால் அந்தக் கல்வெட்டு தோண்டி எடுக்கப்பட்டது 1720களில். 1713க்கு முந்திய போலிக்காரன் அந்தப் பெயரை எங்கே பிடித்தான்?

சரி, அப்படியானால் யார் இவன்? பியர்சன் சொல்வது இது. ரோமானியப் பேரரசன் டிராஜன் கி.பி. 106இல் வென்ற டாசியா, அதாவது இன்றைய ருமேனியப் பகுதி, தங்கச் சுரங்கங்கள் நிறைந்த மாகாணம். கி.பி. 260களில் படையெடுப்பும் உள்நாட்டுச் சண்டையுமாகப் பேரரசு பிளந்து கிடந்தபோது டாசியா துண்டிக்கப்பட்டது. அங்கே பொன் உண்டு, படை உண்டு, காசு அடிக்கும் அக்கசாலை கிடையாது. படைவீரனுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அங்கிருந்த தளபதி ஒருவன் பட்டம் சூட்டிக்கொண்டு, கிடைத்த கைவினைஞர்களை வைத்து, கையில் அகப்பட்ட பழைய காசுகளைப் பார்த்து இதை வார்க்கச் செய்திருக்கலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஆப்டி போன்ற காசு நிபுணர்கள் இதைக் கற்பனை என்றே தள்ளிவிட்டார்கள். நிபுணர்கள் பலர் இன்றும் போலிக் கட்சிதான்.

நான் கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். காசு பழையது என்பதை அந்தத் தேய்மானம் எனக்கு நம்ப வைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு பேரரசன் வரை போவது நீண்ட தாண்டல், அதற்கு இன்னும் சான்று வேண்டும். ஆனாலும் என்னால் அந்த முகத்தை விட்டு நகர முடியவில்லை. அக்கா மகன் பக்கத்தில் வந்து, "இந்தக் காச வாங்கிட்டு ஒருத்தன் கடையில ரொட்டி வாங்கியிருப்பானா மாமா?" என்று கேட்டான். பொற்காசுக்கு ரொட்டி என்றால் வண்டி வண்டியாகத்தான் வாங்க வேண்டும் என்றேன். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. இது செல்லுபடியான காசு என்றால், யாரோ ஒருவன் ஸ்பான்சியானின் வாக்கை நம்பி இதை வாங்கியிருக்கிறான்.

அதே அருங்காட்சியகத்தில் அன்டோனைன் மதிலின் கற்கள் இருக்கின்றன. கி.பி. 142 வாக்கில் ஸ்காட்லாந்தின் குறுக்கே ரோமானியர் எழுப்பி, இருபது ஆண்டு அளவில் விட்டுவிட்டுப் போன எல்லை அது. எந்தப் படையணி எவ்வளவு தூரம் கட்டியது என்று கல்லில் பெருமையாக வெட்டியிருக்கிறார்கள். இருபதாம் படையணியின் கல்லில் அதன் சின்னமான காட்டுப்பன்றி. டாசியாவையும் கி.பி. 271க்கும் 275க்கும் இடையில் பேரரசன் அவுரேலியன் காலி செய்துவிட்டான். படை டான்யூப் ஆற்றைத் தாண்டித் தெற்கே போனது. ஸ்பான்சியான் என்று ஒருவன் இருந்திருந்தால், அவனைப் பற்றிக் கல்லில் வெட்டிவைக்க அங்கே யாரும் மிச்சமில்லை.

அதே பெயர் பொறித்த இன்னொரு காசு ருமேனியாவின் சிபியு நகரில், ப்ரூக்கெந்தால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாலையில் ஹில்ஹெட் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, அந்த ஊருக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று அக்கா மகன் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தான்.