ஆய்வு ஒழுக்கவியல் கேள்வி: படிவத்தோடு நிறுத்தினால் புள்ளி வராது

பெறுபேறு வந்தாயிற்று. ஆய்வு முறையியல் பரீட்சையில் பலருக்குக் காலை வாரியது புள்ளிவிபரவியல் அல்ல, நேர்காணல் ஆய்வில் பங்கேற்பாளரின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்ற ஒழுக்கவியல் கேள்வி. "பங்கேற்பாளரிடம் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவர்கள் அங்கேயே விழுந்தார்கள்.

மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான ஒழுக்கவியல் ஆவணங்கள்: 1947 நியூரம்பேர்க், 1964 ஹெல்சிங்கி, 1979 பெல்மன்ட். இவற்றுக்கு நான்கு வரி போதும். எல்லோரும் பாடமாக்கி வருவது அதைத்தான். புள்ளி இருப்பது இதற்கு அடுத்த படியில். ஊசி போடும் ஆய்வில் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லலாம். ஆழமான நேர்காணலில் பேச்சு எங்கே போகும் என்று கேட்பவருக்கே தெரியாது. மீன்பிடி வருமானம் பற்றித் தொடங்கிய பேச்சு காணாமற்போன மகனிடம் போய் நிற்கும். தொடக்கத்தில் வாங்கிய சம்மதம் அதற்குச் செல்லாது. ஒலிப்பதிவை நிறுத்தி, "இதையும் எழுதலாமா, விட்டுவிடவா?" என்று அந்த இடத்திலேயே மறுபடி கேட்க வேண்டும். இதை உதாரணத்தோடு எழுதுங்கள்.

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. 2004 சுனாமி, 2006 போர்க்கால இடம்பெயர்வு என்று திருகோணமலையின் மூதூர், சம்பூர்ப் பக்கச் சனம் நிரப்பாத படிவம் இல்லை. புதிதாக ஒருவர் தாளை நீட்டினால் ஒன்றில் உதவி வரும் என்ற நம்பிக்கை, இல்லையென்றால் பிரச்சினை வரும் என்ற பயம். இரண்டிலும் சம்மதம் கெட்டுப்போகிறது. "இதால் வீடோ காசோ கிடைக்காது" என்று முதலிலேயே சொல்லி, வாய்மொழிச் சம்மதத்தைத் தனிக் கோப்பாகப் பதிவது நல்லது.

கிராம உத்தியோகத்தர் ஆட்களைக் கூட்டித் தந்தால் வேலை சுலபம்தான். ஆனால் வதிவிடச் சான்றிதழுக்கு நாளைக்கும் அவரிடம்தானே போகவேண்டும், யார் மாட்டேன் என்பார்? அவரிடம் தகவல் சொல்லுங்கள். ஆளைத் தெரிவுசெய்யவும் பக்கத்தில் இருக்கவும் விடாதீர்கள். மறுத்தவர் யாரென்று அவருக்குச் சொல்லவும் கூடாது.

வாய்மொழிப் பரீட்சையில் மடக்கும் இடங்கள்:

- "எப்போதும் விலகலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பேச்சை எப்போதும் நிறுத்தலாம், தந்த தரவு அப்படியல்ல. பெயரை நீக்கித் தரவைச் சேர்த்தபின் பிரித்தெடுக்க முடியாது. தரவைத் திரும்பப்பெறக் கடைசித் திகதி கொடுங்கள்.
- குழுக் கலந்துரையாடலில் இரகசியத்துக்கு உறுதி தரமுடியாது. மற்றவர்கள் வெளியே சொல்வதை யார் தடுப்பது?
- 18 வயதுக்குக் கீழ்: பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையும் இணங்க வேண்டும்.
- தரவு சேகரித்தபின் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி கிடைக்காது.
- இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயராவது வாயில் வரட்டும்.

புனைபெயரை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். "நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டியாக இருக்கும் 52 வயது விதவை" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் ஊர் முழுக்கக் கண்டுபிடித்துவிடும். ஊரை "கிழக்குக் கரையோரம்" என்றும், வயதை "ஐம்பதுகளில்" என்றும், தொழிலை "மீன்பிடி" என்றும் அகலப்படுத்துங்கள். பெயர்ப் பட்டியலும் நேர்காணல் எழுத்தும் ஒரே மடிக்கணினியில் இருக்கக்கூடாது. கைபேசியில் பதிந்தால், ஒலிக்கோப்பு தானாக இணையச் சேமிப்புக்கு ஏறாதபடி முதலே அணைத்துவிடுங்கள்.