நிலாப் பள்ளங்களை எண்ணும் நிரல்: மதிப்பெண்ணை நம்புமுன்

நிலாப் படங்களில் பள்ளம் தேடும் நிரலுக்கு ஒற்றை மதிப்பெண்ணைக் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான். ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்த நிலாப் பள்ளப் பட்டியலில் 1 கி.மீ. விட்டத்துக்கு மேற்பட்டவை மட்டுமே சுமார் 13 லட்சம்; அதிலும் சிறியவைதான் பெருங்கூட்டம். அவற்றின் முடிவே மொத்தத்தையும் விழுங்கிவிடும். விட்ட வாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

நிரல் கண்டதைப் பட்டியலில் உள்ள பள்ளத்தோடு பொருத்திப் பார்ப்பதில்தான் வில்லங்கமே. 10 பிக்சல் அகலப் பள்ளத்தைச் சுற்றி நிரல் வரையும் சதுரப் பெட்டி, சரியான பெட்டியிலிருந்து கிடையாகவும் நெடுக்காகவும் 2 பிக்சல் நகர்ந்தால், மேற்பொருந்தும் விகிதம் (இரு பெட்டிகளுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுத்தது) 0.47. வரம்பு 0.5 என்றால் அது தவறென்று தள்ளப்படும். அதே நகர்வு 100 பிக்சல் பள்ளத்தில் 0.92! மையங்களின் இடைத்தூரத்தை ஆரத்தால் வகுத்து, விட்ட விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். ஒரு பள்ளத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு மட்டும் கணக்கில் வரட்டும்.

சோதனைக்குத் தனி நிலப்பரப்பை ஒதுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் படத்துண்டுகளைக் குலுக்கிப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த பள்ளமே தேர்விலும் வரும். வினாத்தாள் கசிந்த கதைதான். படத்தின் வகையையும் கவனியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் சம இடைவெளிக் கட்டங்களாக விரிக்கும் எளிய உருளை வரைபடத்தில் 60° அட்சரேகையில் வட்டப் பள்ளம் கிழக்கு மேற்காக இரு மடங்கு நீளும். சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுத்த படத்தில் நிழலே இராது, ஆழமற்ற பள்ளங்கள் மறைந்துவிடும்.

பிழையென்று ஒதுக்கியவற்றில் நூறையாவது கண்ணால் பாருங்கள். பட்டியலில் விடுபட்ட அசல் பள்ளங்களும் அதில் இருக்கும்.