மோட்டோகிராஸைத் திருப்பிப்போட்ட 400 சிசி எஞ்சின்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பார்க்கும் நண்பர்களோடு பேசும்போதெல்லாம் யமஹா ஒய்இசட்400எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் எனும் சுழல்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதே ஒருமுறை எரிதல் நிகழும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதற்கு இரண்டு சுற்றுகள் வேண்டும். வால்வு, அதைத் திறக்கும் கேம் என்று எடையும் கூடுவதால், 1970களிலிருந்து மோட்டோகிராஸ் களம் ஏறக்குறைய முழுவதுமாக டூ ஸ்ட்ரோக்கின் கையிலேயே இருந்தது.

யமஹா பொறியியலாளர்கள் கனமான பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைச் செப்பனிட முனையவில்லை. தமது வீதிப் பந்தய மோட்டார் சைக்கிள்களின் ஐந்து வால்வுச் சிலிண்டர் தலையை (சிலிண்டரின் மேல்மூடியை) எடுத்து, அகன்ற சிலிண்டரையும் குறுகிய ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் நகரும் தூரத்தையும்) அதனுடன் சேர்த்து, நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலும் 400 சிசி எஞ்சினை உருவாக்கினார்கள். என் பார்வையில் உண்மையான துணிச்சல் இதுதான். 1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் (மைதானத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) அமெரிக்க வீரர் டக் ஹென்றி இதன் முன்மாதிரியில் வென்றார். மறு ஆண்டு அமெரிக்க 250 சிசி பிரிவு மோட்டோகிராஸ் பட்டத்தையும் பெற்றார். விதிகள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கூடுதல் கொள்ளளவை அனுமதித்தது உண்மையே. ஆயினும் த்ராட்டிலைத் திறந்ததும் பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் மண்ணைப் பற்றிக்கொள்ளும் அந்தச் சீரான விசை, வெறும் கொள்ளளவால் மட்டும் கிடைத்ததல்ல.