‘எத்தனை ரிக்டருங்க?’

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு மொட்டைப் பாறை. அதன் மேல் ஆறடிக்கு ஆறடியில் ஓர் அறை. உள்ளே ஒரு குழி, குழிக்குள் பாறையைச் செதுக்கிச் சமப்படுத்திய மேடை, மேடை மேல் நில அதிர்வுமானி. அதற்குத் தெர்மாகோல் மூடி, மூடிக்கு மேல் ஒரு பழைய கம்பளி. 2011 கடைசியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது இந்த அறையின் சாவியைத்தான். பேட்டரியைப் பார்த்துக்கொள்வது, எலி கடித்த வயரை மாற்றுவது, மாதம் இரண்டு முறை பதிவை எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்க் கணினியில் ஏற்றிப் படிப்பது, இவ்வளவுதான் வேலை. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குப் ‘பூகம்ப ஆபீஸ்’ என்று பேர். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வீட்டில் சம்பந்தம் அமையவில்லை.

பூகம்பத்தைப் படிக்கும் முன் சத்தத்தைப் படிக்க வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்குத் தறிகள் ஓட ஆரம்பித்தால் திரையில் கோடு தடித்துவிடும். ஊத்துக்குளி வழியாகப் போகிற ரயில் ஒரு நீண்ட கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போகும். ஆடிக் காற்றில் தென்னை ஆடினால் வேர் மண்ணை அசைக்கும், அதுவும் பதிவாகும். கல்குவாரி வெடி இருக்கிறதே, அதுதான் புதியவனை ஏமாற்றும். பார்க்கச் சின்ன நிலநடுக்கம் போலவே இருக்கும். ஆனால் வெடி எல்லாத் திசையிலும் தள்ளுவதால் முதல் அசைவு எப்போதும் மேல்நோக்கியே வரும், முதலில் வரும் பி அலைக்குப் பின்னால், மண்ணைக் குறுக்கே ஆட்டிக்கொண்டு வர வேண்டிய எஸ் அலையும் சோனியாக இருக்கும். இன்னொரு துப்பும் உண்டு: வெடி ஒருபோதும் ராத்திரி இரண்டு மணிக்கு வராது.

இவை எல்லாம் அடங்கின பிறகும் ஒரு மெல்லிய முனகல் மிச்சமிருக்கும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவானால் அது பருத்துவிடும். கடலே கண்ணில் படாத எங்கள் ஊர்ப் பாறை கடலலையை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த அன்று, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

2012 ஏப்ரல் 11. பேட்டரி மாற்றப் பாறைக்குப் போயிருந்தேன், மடிக்கணினியும் இணைப்பில் இருந்தது. மதியம் 2 மணி 13 நிமிடம் இருக்கும், திரையில் கோடு எகிறியது. முதலில் வயர் பிடுங்கிக்கொண்டது என்றே நினைத்தேன். சில நிமிடங்களில் எஸ் அலை வந்தது, அதற்குப் பின்னால் வந்த மேற்பரப்பு அலைகளில் கோடு மேலும் கீழும் போய் முட்டியது. உட்கார்ந்திருந்த எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. பாறை அசைந்த உணர்வே இல்லை. அதே நேரத்தில் சென்னையில் மாடி அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். “ஏனுங் தம்பி, கெணத்துத் தண்ணி தளும்புதுங். உங்க மிசினு ஏதாவது சொல்லுதுங்களா?”

போய்ப் பார்த்தேன். பாறையைக் குடைந்து தோண்டிய பழைய இறவைக் கிணறு. தண்ணீர் மட்டத்துக்கு மேல் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் புது ஈரம். பெரியவரின் அடுத்த கேள்வி: “எத்தனை ரிக்டருங்க?”

8.6. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில். 2004 ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. திட்டத்தின் மூத்த ஆய்வாளரை, நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், போனில் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. “பயப்படாதே. பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. கடல்தரையை மேலே தூக்கவில்லை” என்றார். சொன்னது போலவே பெரிய அலை எழவில்லை.

அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டின் கடலோரக் கோடி, பக்கத்துத் தட்டின் அடியில் புகுந்து இறங்குகிறது. சும்மா வழுக்கிக்கொண்டு இறங்குவதில்லை, மேலிருப்பதைக் கவ்விக்கொண்டே இறங்குகிறது. நூற்றாண்டுக் கணக்கில் கவ்விய பிடி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29-க்கு விட்டது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போனது; முடியப் பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஆனது. மேல் தட்டு எம்பி, மேலே நின்ற கடலையும் தூக்கியது. 2012-இல் நடந்தது அது இல்லை. கவ்விய இடத்தில் எதுவும் விடவில்லை, நம் தட்டே தன் வயிற்றுக்குள் கிழிந்தது.

2004-இல் அதன் பி அலை கொங்கு நாட்டைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நாகப்பட்டினத்துக் கரையைக் கடல் தொட்டது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. நடுவில் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி மேடம் அதிகம் பேச மாட்டார். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். ஆனால் 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் நடுங்கியபோதே நாகப்பட்டினத்துத் துறைமுக அலைமானியில் சுனாமி பதிவாகியிருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓல்டாம் அதைப் பற்றி எழுதியும் வைத்தார். காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் திட்டம் கவ்வல் விடுகிற நடுக்கங்களைப் பற்றியது அல்ல. புகுந்து இறங்கிய தட்டு, ஆழத்தில் வளைந்து இழுபட்டுத் தனக்குள்ளேயே உடைகிறதே, அந்த நடுக்கங்கள். ஐம்பது கிலோமீட்டரிலும் வரும், அறுநூறிலும் வரும். ஆழத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அதில்தான் என் பெரிய சொதப்பலும் நடந்தது. இந்தோனேசியாவின் புளோரஸ் கடல் பக்கத்துப் பதிவு ஒன்றில், முதல் பி அலைக்கு இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு துள்ளல் தெரிந்தது. இரண்டாவது நிலநடுக்கம் என்று எழுதிவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. “அது அதே நடுக்கம்தான். ஒரு அலை நேரா வந்தது. இன்னொன்று முதலில் மேலே போய்த் தரையில் முட்டித் திரும்பி வந்தது. கிணற்றடியில் இருந்து ஒருத்தர் கத்தினால் எதிரொலியும் கேட்குமே, அது மாதிரி. இடைவெளி எவ்வளவோ அவ்வளவு ஆழம்.” இரண்டு நிமிடம் என்றால் அறுநூறு கிலோமீட்டரை ஒட்டி. அந்த ஆழத்தில் உடைந்தால் பெரும்பாலும் மேலே ஒரு ஓடுகூடச் சரியாது. ரிக்டர் மட்டும் பெரிதாகப் பேப்பரில் வரும்.

அப்புறம் 2017 செப்டம்பர். இந்த வேலையில் மறக்க முடியாத மாதம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எட்டாம் தேதி காலை 10.40 வாக்கில், தறிச் சத்தத்துக்கு நடுவே தெளிவாக ஓர் அலை. மெக்சிகோவின் தெவான்டெபெக் வளைகுடா, 8.2. நமக்கு அது பூமியின் ஏறக்குறைய மறுபுறம். அங்கிருந்து அலை நேரே கீழே இறங்கி, நடுக்கருவைக் கடந்து, இருபது நிமிடத்தில் காங்கேயத்துப் பாறைக்கு வந்துவிடுகிறது. பூமிக்கு அப்படி ஒரு கரு இருக்கிறது என்று இந்த மாதிரி தொலைதூர அலைகளை வைத்து 1906-இல் காட்டியவரும் அதே ஓல்டாம்தான். பன்னிரண்டு நாள் கழித்து, இருபதாம் தேதி நள்ளிரவு தாண்டி நாலு நிமிடம், மறுபடியும் மெக்சிகோ. அங்கே அப்போது பத்தொன்பதாம் தேதி மதியம். இந்த முறை 7.1. தறி நின்றுபோன அமைதியிலும் கோடு சின்னதாகத்தான் இருந்தது.

இரண்டுமே இறங்கும் தட்டுக்குள் நேர்ந்த உடைப்பு. முதலாவது வெளியிட்ட ஆற்றல் இரண்டாவதைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். ஆனால் முதலாவதில் செத்தவர்கள் நூறு பேருக்குள், இரண்டாவதில் 370-ஐ ஒட்டி. சின்னது நிலத்துக்கு அடியில் ஐம்பது கிலோமீட்டரில், மெக்சிகோ நகரத்துக்குச் சுமார் 120 கிலோமீட்டர் பக்கத்தில் உடைந்தது. அந்த நகரம் உட்கார்ந்திருப்பதோ ஒரு பழைய ஏரியின் களிமண் மேல். 1985-இல் அதே செப்டம்பர் 19 அன்று கடலோரத்தில், 350 கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்த 8.0 நடுக்கத்திலும் அந்த ஏரிமண்தான் ஆளைக் கொன்றது. மண் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஊஞ்சல் ஆட, அதே தாளத்தில் ஆடக்கூடிய ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள் பார்த்துப் பார்த்து விழுந்தன. மையத்துக்குப் பக்கத்தில் பாறை மேல் இருந்த ஊர்களுக்கு அவ்வளவு சேதமில்லை. சிலியிலும் இதே கதைதான். 1960-இல் 9.5, உலகத்தில் அளந்ததிலேயே பெரியது, இறந்தவர்கள் சில ஆயிரம். 1939-இல் சியான் நகரத்தை அழித்தது அதைவிட எவ்வளவோ சிறியது. தட்டுக்குள் உடைந்தது, ஊரே பச்சை மண்கல் வீடு, 28,000 பேர் வரை போனார்கள்.

இதற்குப் பிறகு ‘எத்தனை ரிக்டர்’ என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வர ஆரம்பித்தது. கேட்டவர் மேல் தப்பில்லை. பெரியவர் கேட்டபோது நானும் எண்ணைத்தானே பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். “நம்மூருக்கு வருமுங்களா?” வராதுங்க, நம்மது பாறை பூமி, தட்டு விளிம்பு ரொம்பத் தூரம் என்று சொல்லி அனுப்பினேன். 1900 பிப்ரவரி 8 அன்று அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6.0 அளவுக்கு நடுங்கி, தென்னிந்தியாவின் பெரும்பகுதியே உணர்ந்திருக்கிறது. அதற்கும் தட்டு விளிம்புக்கும் சம்பந்தமில்லை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துப் பழைய நிலம் உள்ளுக்குள் அசைந்ததுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு சுமத்ராவைப் பார்த்தவனுக்கு இது தெரிந்ததே வேலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து. பெரியவரிடம் திருத்திச் சொல்லப் போனேன். “அட, வந்தா வரட்டுமுங்க” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

போன வருடம் அத்தை மகன் மச்சான் கோவைக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். குட்டை ஒன்றை மூடிப் போட்ட லேஅவுட். வானம் தோண்டின மண்ணைக் கையில் எடுத்தேன். மேலே செம்மண், நாலடிக்குக் கீழே கறுப்பாக, பிசுபிசுவென்று, நத்தை ஓட்டோடு. மெக்சிகோவைச் சொன்னேன். “மாப்ள, நீ உன்ற மிசினப் பாரு” என்றார். கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும், மேலே இரண்டு மாடிக்குச் செங்கல் சுவர் என்று திட்டம். 2001 குடியரசு தினத்தன்று குஜராத்தில் நடுங்கியபோது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்த கட்டடங்களில் பல இந்த வகைதான். நிலநடுக்க அபாய வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில் வருகிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். சரி, மண்ணுக்குள் ஆழமாகக் கான்கிரீட் பைல் இறக்கச் செலவு கட்டாது என்றார். அஸ்திவாரத்தை நல்ல மண் வரும் வரை இறக்கவும், தூணைக் கொஞ்சம் பெரிதாக்கவும் ஒத்துக்கொண்டார். அதுவும் அத்தை சொன்னதால்.

கம்பி கட்டுகிற அண்ணனிடம்தான் கடைசிச் சண்டை. தூணின் நாலு கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனையை அவர் நேர் மூலையாக மடக்கி விட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த முனை பிரிந்து கொள்ளும். உள்பக்கமாக 135 டிகிரி மடக்கிவிட்டால் கான்கிரீட்டுக்குள் கொக்கி போட்டு நிற்கும்.

“இருவது வருசமா இப்படித்தானுங்க கட்டறேன். ஒண்ணும் விழுகலைங்களே.”

“இந்த இருவது வருசத்துல ஆடலைங்கண்ணா.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மடக்குகிற பலகையில் ஆணியை இடம் மாற்றி அடித்தார். ஒரு ரிங்கை மடக்கி, தூணில் மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

“ரிங்குக்கு அஞ்சு ரூவா சேத்தி ஆகுமுங்க.”

மச்சானைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தருகிறேன் என்றேன்.