பெரியப்பாவின் கேசட்டில் காலப்பிரமாணம்: வரைந்து பார்த்தேன்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் கச்சேரி ஒன்றைப் பெரியப்பா டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட், தண்டையார்பேட்டை வீட்டில் இன்னும் இருக்கிறது. அதில் சுத்த சாவேரி 'தாரினி தெலுசுகொண்டி', அந்த அம்பாள் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகளில் ஒன்று. "ஸ்வரத்துல ஓடிட்டார், காலப்பிரமாணம் நிக்கல" என்று பெரியப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஸ்வரம் பாடும் இடத்தில் பாடகர் தாள வேகத்தை ஒரே சீராகப் பிடிக்காமல் முந்திவிட்டார் என்று அர்த்தம். சரி, அளந்தே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் பாட்டு ஓடும்போது செமிகோலனைத் தட்டினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். ஆதி தாளம்: எட்டு அட்சரம் (எண்ணிக்கை) சேர்ந்த ஒரு சுற்று ஓர் ஆவர்த்தனம். அது தொடங்கும் இடமான ஒவ்வொரு சமத்துக்கும் ஒரு தட்டு. ஆவர்த்தனம் 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு 80 அட்சரம்.

ஒவ்வொரு ஆவர்த்தனமும் எத்தனை விநாடி என்று வரைந்த முதல் படம் ரம்பப் பல் மாதிரி வந்தது. அது பாட்டின் ஏற்ற இறக்கம் இல்லை, என் விரலின் தடுமாற்றம். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மிருதங்க அடி கூராக எழும்பும் இடத்துக்கு ஒவ்வொரு கோட்டையும் நகர்த்தினேன். இரண்டு ராத்திரி ஆனது. இப்போது ஆவர்த்தனம் 6 விநாடியில் தொடங்கி 5.6-இல் முடிந்தது. 7 சதவீத ஓட்டம்!

அப்புறம்தான் தம்புராவைக் கவனித்தேன். ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஆரம்பித்த சுருதி, முடிவில் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் நிற்கிறது. பதிவின்போது பேட்டரி இறங்கி நாடா மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் போடும்போது சுருதியும் லயமும் சேர்ந்தே ஏறும். அரைக் கட்டை ஏறினால் வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். இங்கே அதில் பாதி, 3. அதைக் கழித்தால் பாடகர் கணக்கில் 4 சதவீதம்தான்.

அந்த நாலும் குறைப்பில்தான் வருகிறது, பாட்டும் வயலினும் மாறி மாறிச் சின்னச் சின்னதாக வாசிக்கும் இடத்தில். ஓடுவதாக நானும் நம்பியிருந்த மேல்கால (இரட்டை வேக) ஸ்வரத்தில் படத்தின் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் படுத்தே கிடக்கிறது. அட்சரத்துக்குள் ஸ்வரங்கள் இரட்டிக்கின்றன, தாளம் அசையவில்லை. எவ்வளவு கெட்டியான லயம்!

பெரியப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கேசட்டைப் போடச் சொல்லி, மேல்காலம் முழுக்கத் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். "ஆமாடா, கடைசியில ரெக்கார்டர்ல சிவப்பு லைட் மங்கிடுச்சு" என்றார்.

மறுபக்கத்தில் கல்யாணி இருக்கிறது. இந்த முறை முதலில் தம்புராவைப் பார்த்துவிட்டுத்தான் தட்டப்போகிறேன்.