லாக் புக்கில் தேதியைப் பார்

மார்ச் 3
சொந்தமாக ஒரு பழைய குட்டி விமானம் வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று பார்த்த செஸ்னா 172 கண்ணைப் பறித்தது. புது பெயிண்ட், புது சீட் உறை. ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பித்ததற்கு, பிறகு இன்ஜின் 410 மணி நேரம்தான் ஓடியிருக்கிறதாம். லைக்கமிங் ஓ-320 இன்ஜினுக்கு 2,000 மணி நேரத்துக்கு ஒரு ஓவர்ஹால் என்பது கணக்கு. முக்கால்வாசி மிச்சம் இருக்கிறதே என்று மனசு குதித்தது.

மார்ச் 6
பறந்த நேரமும் செய்த பழுதுவேலையும் தேதியோடு எழுதியிருக்கும் லாக் புக்கை மெக்கானிக்கிடம் காட்டினேன். மணிக்கணக்கை அவர் பார்க்கவே இல்லை, தேதிகளின் மேல்தான் விரலை ஓட்டினார். ஓவர்ஹால் நடந்து 19 வருஷம். கடைசி ஆறு வருஷத்தில் ஓடியது 11 மணி.

“சார், இது ஓடின இன்ஜின் இல்லை, தூங்கின இன்ஜின்.”

லைக்கமிங்கில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் மேலே, புரொபெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் அதன் மேல் இருக்கும் ஆயில் மெதுவாக வடிந்துவிடும். அப்புறம் ஈரம், துரு. சிலிண்டரைக் கழற்றாமல் அதைச் சரியாகப் பார்க்கவும் முடியாது. மணி எவ்வளவு மிச்சமிருந்தாலும் 12 வருஷத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது கம்பெனி. அந்த விதியை நான் படித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18
இன்னொரு 172. 1974-இல் செய்தது. இறக்கையில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது. ஓவர்ஹாலுக்குப் பிறகு 1,150 மணி, ஆனால் ஒரு மாதம்கூடப் பறக்காமல் இருந்ததில்லை.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கு நானும் கூட நின்றேன். சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. 76, 75, 77. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 66. புகைக்குழாயில் காதை வைக்கச் சொன்னார். சத்தமில்லை. ஆயில் மூடியைத் திறந்ததும் ‘உஸ்ஸ்’. காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசிகிறது, வால்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். புகைக்குழாயில் உஸ் கேட்டிருந்தால் அவர் முகம் வேறு மாதிரி மாறியிருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துளைகள் தேய்ந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே ஏறும்போது சீட் பின்னால் வழுக்கினால் ஸ்டியரிங்கையும் பிடித்து இழுத்துவிடுவோம்.

மே 2
வாங்கிவிட்டேன். காப்பீட்டுப் படிவத்தில் எத்தனை கையெழுத்து, அப்பப்பா.

மே 9
கிளம்பும் முன் 1,700 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1,700 சுற்று) மேக்னெட்டோ சோதனை. பிளக்குகளுக்குப் பொறி தரும் கருவி அது, இடது வலது என்று இரண்டு உண்டு. இடது பக்கம் மட்டும் போட்டதும் சுற்று 200 விழுந்தது, வண்டியே உதறியது. வயிறு கலங்கிவிட்டது. பயிற்சியாளர் மிக்ஸ்சரை மெலிதாக்கி (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து), கொஞ்சம் வேகம் கூட்டி ஒரு நிமிஷம் ஓடவிட்டார். பிளக்கில் படிந்திருந்த அழுக்கு எரிந்து போய், விழுவது 75-க்குக் குறைந்தது. சரி, பறக்கலாம்.

ஜூலை 20
முதல் ஆயில் மாற்றம். பழைய ஃபில்டரை வட்டமாக அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தோம். மினுங்கினால் உலோகம், உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். கறுப்புத் துகள்கள் மினுங்கவில்லை. வெறும் கரி. ஜாதகம் பார்க்கும்போதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை.

நவம்பர் 15
ஏழு வாரமாக மேகம், அலுவலகம், காய்ச்சல். தரையிலாவது பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்போம் என்று விமானம் நிற்கும் ஹேங்கருக்குப் போனேன். மெக்கானிக் தடுத்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஆயில் சரியாகச் சூடேறாது, எரிபொருள் எரிந்து வரும் நீர்தான் உள்ளே தங்கும். ஒரு மணி நேரம் பறக்கணும், இல்லாவிட்டால் தொடாமல் விடணும்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். லாக் புக்கில் கடைசித் தேதி செப்டம்பர் 27. அவர் கண்ணில் படுமுன் மூடி வைத்தேன்.