பொன்வட்டில் பிடித்து

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் வட்டல் என்றால் சோற்றுத் தட்டு. அதனால் திருமலையில் தரிசனத்துக்குக் காத்திருக்கும் காம்பார்ட்மெண்டில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் குலசேகர ஆழ்வார் பாடிய பெருமாள் திருமொழியைச் சொல்லிக்கொண்டே 'பொன்வட்டில் பிடித்து' என்ற இடத்துக்கு வந்ததும், பெருமாளுக்குத் தங்கத் தட்டில் சோறு போட ஆழ்வார் ஆசைப்படுகிறார் போல என்றேன். சிரித்துவிட்டார். "அதுக்கு முன்னாடி 'வேங்கடக்கோன் தான் உமிழும்'னு இருக்கே, கவனிக்கலையா?"

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பெருமாள் கோயில்களில் வட்டில் என்பது கிண்ணம். திருவாராதனம் என்கிற பூஜைக்கு ஐந்து வட்டில்களில் தீர்த்தம் நிரப்பி வைப்பார்கள். கைக்கு அர்க்கியம், திருவடிக்குப் பாத்தியம், வாய் கொப்பளிக்க ஆசமனீயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எங்கள் ஊர்க் கோயில் திருமஞ்சனத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பட்டர் உத்தரணிக் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உற்சவர் முகத்தருகே காட்டிவிட்டு, அதை அப்படியே படிக்கம் என்கிற பாத்திரத்தில் விடுவார், பச்சைக் கற்பூர வாசனை நாம் நிற்கிற இடம் வரை வரும். பெருமாள் கொப்பளித்து உமிழும் அந்த நீரை ஏந்துகிற பொன்வட்டிலைத்தான் குலசேகரர் கேட்கிறார். சேர நாட்டு அரசர், கேட்ட வேலையைப் பாருங்கள்! (நாழிகை பார்க்க வைத்திருந்த ஓட்டைக் கிண்ணத்துக்கும் அந்தக் காலத்தில் நாழிகை வட்டில் என்றுதான் பேர். வட்டமாக இருந்தால் வட்டில், அவ்வளவுதான்.)

திருமலைக் கோனேரிக் குளத்தில் குருகுப் பறவையாக, மீனாக, மலையில் செண்பக மரமாக, காட்டாறாக, சன்னதியில் படியாக, கடைசியில் ஏதேனும் ஒன்றாக என்று அந்தப் பதிகம் முழுக்க என்னென்னவோ ஆகக் கேட்கிறவர், மனிதனாகவே இருந்து ஒரு கைங்கரியம் கேட்பது இந்த வட்டில் பாட்டில் மட்டும்தான். அதையும் உடனே விட்டுவிட்டு மரமாகப் போய்விடுகிறார். ஏன் என்றேன். "கையில பொன் இருந்தா மனசு கெட்டுப்போயிடும்னு பயந்துட்டார்" என்றார் பெரியவர். எனக்கு அந்தக் காரணம் ரொம்பப் பிடித்தது.

கேட் திறந்தார்கள், ஓட்டமும் தள்ளலும்தான். உள்ளே போனதும் சன்னதி வாசலில் ஆழ்வார் பேரிலேயே இருக்கும் குலசேகரன் படியைப் பார்த்தேன், திருமுகத்தைப் பார்த்தேன், எங்காவது ஒரு வட்டில் கண்ணில் படுகிறதா என்று பக்கவாட்டில் திரும்பினேன், அதற்குள் "ஜரகண்டி" என்று தோளில் கை விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த அப்பத்தாவின் வெண்கல வட்டலை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் மாமன் வீட்டுச் சீர் என்று பேர் வெட்டியிருக்கிறது.